பெர்ல் வலைச் செயலிகளில் தானியங்கிச் சோதனை: இரண்டு வரலாறுகள்

லாரி வால் 1987 டிசம்பர் 18 அன்று பெர்ல் மொழியின் முதற் பதிப்பை வெளியிட்டபோதே, அத்தொகுப்பில் சோதனை நிரல்களுக்கென ஒரு கோப்புறை இருந்தது. 'டி' என்ற ஒற்றை எழுத்தே அதன் பெயர். அதிலிருந்த ஒவ்வொரு நிரலும் முதலில் '1..5' என்பதுபோல ஒரு வரியை அச்சிடும். எத்தனை சோதனைகள் நடக்கப்போகின்றன என்ற அறிவிப்பு அது. பிறகு சோதனைக்கு ஒரு வரியாக 'ஓகே 1', 'நாட் ஓகே 2' என்று முடிவுகள் வரும். வேறொரு நிரல் அவற்றைப் படித்துக் கணக்கெடுக்கும்.

இவ்வளவு எளிய முறையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே சோதிக்கப்பட்டது பெர்ல் மொழியே. நிபந்தனைக் கட்டளை சரியாக இயங்குகிறதா என்றே உறுதியாகாதபோது, ஒரு வரியை அச்சிடுவதற்கு மேல் எதையும் நம்ப முடியாது. அடிப்படைச் சோதனைகளில் ஒன்று தோற்றாலும் மேற்கொண்டு ஓட்டாமல் நின்றுவிடும் ஏற்பாடும் அதனால்தான் வந்தது. முன்கூட்டியே எண்ணிக்கையை அறிவிப்பதில் இன்னொரு நன்மையும் இருந்தது: நிரல் பாதியில் செத்துப்போனால், வராத வரிகளே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெர்ல் சோதனையின் வரலாற்றைத் தொகுதிகளின் பட்டியலாகச் சொல்வது வழக்கம். வலைச் செயலிகளைப் பொறுத்தவரை அதை இரண்டு வரலாறுகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முடிவைச் சொல்லும் முறை தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. சோதிக்கத் தோதான வடிவத்துக்கு வலைச் செயலி வந்து சேரத்தான் 2009 வரை ஆயிற்று.

முதல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணக்கெடுக்கும் வேலையை டிம் பன்ஸும் ஆந்திரேயாஸ் கோனிக்கும் டெஸ்ட்::ஹார்னஸ் என்ற தொகுதியாக்கினர். மைக்கேல் ஷ்வெர்ன் 2001-இல் டெஸ்ட்::சிம்பிள், டெஸ்ட்::மோர் ஆகியவற்றைத் தந்தார். இவற்றைவிட முக்கியமானது, அவரும் குரோமாட்டிக் என்ற பெயரில் எழுதும் நிரலாளரும் உருவாக்கிய டெஸ்ட்::பில்டர். சோதனை எண்களைக் கூட்டும் பொறுப்பை அது ஒரே இடத்தில் வைத்தது. அதனால் வெவ்வேறு ஆட்கள் எழுதிய சோதனைத் தொகுதிகள் ஒரே நிரலுக்குள் எண் குழம்பாமல் சேர்ந்து ஓட முடிந்தது. வலைப்பக்கம், தரவுத்தளம், மின்னஞ்சல் என ஒவ்வொன்றுக்கும் தனித் தொகுதிகள் பெருக இதுவே வழி திறந்தது. வரி வடிவத்துக்கு டெஸ்ட் எனிதிங் புரோட்டோகால், சுருக்கமாக டேப், என்ற பெயரும் பின்னர் நிலைத்தது. கிட், போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற பெர்ல் அல்லாத திட்டங்களின் சோதனைகளும் இன்று இவ்வடிவத்தில் முடிவு தருகின்றன.

இரண்டாவது வரலாறு இவ்வளவு நேரானதல்ல. 1990-களின் வலைச் செயலி பெரும்பாலும் சிஜிஐ நிரல்தான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் ஒரு புதிய செயல்முறையைத் தொடங்கும். உள்ளீட்டைச் சூழல் மாறிகளிலும் செந்தர உள்ளீட்டிலும் கொடுக்கும். நிரல் பக்கத்தை அச்சிட்டுவிட்டு முடிந்துபோகும். வெளியிலிருந்து அழைத்துப் பார்க்கத் தனித்தனிச் செயற்கூறுகள் அதில் அரிது. தரவுத்தள இணைப்பு, உரிமைச் சரிபார்ப்பு, எச்டிஎம்எல் எல்லாம் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும்.

அந்த நிலையிலும் என்ன செய்ய முடிந்தது என்பதற்கு பக்சில்லா நல்ல சான்று. நெட்ஸ்கேப்பில் டெர்ரி வைஸ்மன் டிசிஎல் மொழியில் தொடங்கிய இந்தப் பிழைப்பதிவுச் செயலி 1998-இல் பெர்லுக்கு மாறியது. அதற்கு 2001-இல் சோதனை நிரல்களின் தொகுப்பு ஒன்று கிடைத்தது. அதன் கோப்புகளைப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகும்: பெரும்பாலானவை செயலியை ஓட்டிப் பார்க்கவில்லை, அதன் மூலநிரலை வாசித்தன. ஒவ்வொரு நிரலும் தொகுப்பாகிறதா, கண்டிப்பு முறை இயக்கப்பட்டுள்ளதா, தாவல் குறிகள் நுழைந்துவிட்டனவா என்பவையே கேள்விகள்.

2002-இல் வந்த 2.16 பதிப்போடு பக்கங்கள் டெம்ப்ளேட் டூல்கிட் வார்ப்புருக்களுக்கு மாறின. அதன்பின் வந்த 008ஃபில்டர் என்ற சோதனை என் மதிப்பில் இந்த வரிசையிலேயே சிறந்தது. வார்ப்புருவில் ஒரு மாறி அச்சிடப்படும் இடங்களையெல்லாம் தேடி, அங்கே வடிகட்டி போடப்பட்டிருக்கிறதா என்று அது பார்க்கும். வடிகட்டி இல்லையென்றால், பயனர் தட்டச்சிட்டது அப்படியே பக்கத்தில் இறங்கும். வேறொருவரின் உலாவியில் தீய ஸ்கிரிப்ட் ஓட வழி கிடைக்கும். விதிவிலக்கு வேண்டுமென்றால் தனிப் பட்டியலில் எழுதியாக வேண்டும். பாதுகாப்பு விதி ஒன்றை மனிதரின் நினைவில் விடாமல் இயந்திரத்திடம் ஒப்படைத்த செயல் அது. செயலியை ஓட்ட முடியாத இக்கட்டிலிருந்து பிறந்த உத்தி என்றாலும், ஓட்டிப் பார்க்கும் சோதனை எளிதில் தவறவிடக்கூடிய ஓட்டையை இது பிடிக்கும்.

ஓட்டிப் பார்க்க விரும்பியவர்கள் உண்மையான சர்வரை நாடினார்கள். ஆண்டி லெஸ்டரின் டபிள்யூடபிள்யூடபிள்யூ::மெக்கனைஸ் இணைப்புகளைத் தொடரும், படிவங்களை நிரப்பி அனுப்பும். அப்பாச்சி சர்வருக்குள் பெர்லை ஓட்டும் மாட்_பெர்ல் திட்டத்தில் வளர்ந்த அப்பாச்சி::டெஸ்ட், சோதனைக்காகவே ஓர் அப்பாச்சியைத் தொடங்கி, முடிந்ததும் நிறுத்தும். இரண்டும் பயன்பட்டன. ஆனால் சோதனை தோற்றால், பிழை செயலியிலா சர்வர் அமைப்பிலா என்று தேடவே பொழுது போய்விடும்.

திருப்பம் 2009-இல் வந்தது. பைத்தானின் டபிள்யூஎஸ்ஜிஐ, ரூபியின் ரேக் ஆகியவற்றைப் பார்த்துத் தத்சுஹிகோ மியகாவா பிஎஸ்ஜிஐ வரையறையையும் பிளாக் கருவித்தொகுப்பையும் உருவாக்கினார். அவ்வரையறைப்படி வலைச் செயலி என்பது ஒரு செயற்கூறு மட்டுமே. கோரிக்கை விவரங்கள் உள்ளே போகும். நிலைக்குறி, தலைப்புகள், உடல் ஆகிய மூன்றும் வெளியே வரும். சர்வரும் இல்லை, போர்ட்டும் இல்லை. பிளாக்::டெஸ்ட் அச்செயற்கூறை நேரே அழைக்கும். விரும்பினால் அதே சோதனையை மாற்றாமல் உண்மைச் சர்வரிலும் ஓட்டும். கேட்டலிஸ்ட் போன்ற கட்டமைப்புகள் சர்வரின்றிச் சோதிக்க முன்பே தத்தமக்கென வழி வைத்திருந்தன. அவ்வழி எல்லாருக்கும் பொதுவானது பிஎஸ்ஜிஐயால்தான்.

செபாஸ்டியன் ரீடலின் மோஜோலிஷியஸ் கட்டமைப்பில் வரும் டெஸ்ட்::மோஜோ சோதனை எழுதுவதை இன்னும் வசதியாக்கியது. பக்கத்தைக் கேள், நிலைக்குறி 200 தானா பார், குறிப்பிட்ட சொல் இருக்கிறதா பார் என ஒரே சங்கிலியாக எழுதிவிடலாம்.

தனிச் சர்வரை எழுப்பும் வேலை குறைந்து சோதனைகளின் வேகம் கூடியதும் வேறொரு முட்டுக்கட்டை வெளிப்பட்டது. புரூவ் என்ற கட்டளையில் பல சோதனைக் கோப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஆனால் எல்லாக் கோப்புகளும் ஒரே தரவுத்தளத்தைத் தொட்டால், ஒன்று சேர்த்த பதிவை இன்னொன்று அழித்துவிடும். கசுஹோ ஒகு எழுதிய டெஸ்ட்::மைஎஸ்கியூஎல்டி சோதனைக்கென்றே ஒரு தற்காலிக மைஎஸ்கியூஎல் சர்வரைத் தற்காலிகக் கோப்புறையில் எழுப்பி, வேலை முடிந்ததும் அகற்றியது. பெர்ல் வலைச் செயலி எழுதுவோர் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். தரவுத்தளம் தனித்திராவிட்டால் மற்ற வசதிகள் எதுவும் கைகொடுக்காது.

தீராமல் நிற்பது ஜாவாஸ்கிரிப்ட். மெக்கனைஸ், பிளாக்::டெஸ்ட், டெஸ்ட்::மோஜோ ஆகிய மூன்றும் பக்கத்தின் உரையைப் படிக்கின்றனவே தவிர, அதிலுள்ள ஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. பக்சில்லா செலினியம் வழியாக உண்மையான உலாவியை இயக்கும் சோதனைகளைத் தனியே வைத்துக்கொண்டது. ரீடல் எதிர்த்திசையிலிருந்து வந்தார்: பெர்ல் சர்வரை நோட்.ஜேஎஸ்ஸிலிருந்து தொடங்கும் சிறு கருவி ஒன்றை எழுதினார். அதைக் கொண்டு, பெர்ல் செயலியின் முகப்புப் பகுதியைப் உலாவியை இயக்கும் பிளேரைட் கருவி மூலம் ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதிய சோதனைகளால் சரிபார்க்கலாம்.