ஏடு பெயர்த்தலும் ஒலி பெயர்த்தலும்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் ஒடியும் பழைய ஏடுகளின் நிலையை நினைந்து அதன் பதிப்புரையில் வருந்தினார். ஏடு செல்லரித்துப் போவது ஒரு கேடு; பெயர்த்தெழுதுவோன் எழுத்தை மாற்றிவிடுவது மற்றொரு கேடு. பிரதியைப் பார்த்துப் பிரதி எழுதுந்தோறும் பிழை பெருகும். கிடைத்த பிரதிகளை ஒப்புநோக்கியே அப்பெரியார் பாடந் துணிந்தார்.

ஒலிக்கும் இக்கதியே நேர்ந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசற்றை அறிமுகஞ் செய்தது. அதன்பின் வீடுதோறும் ஒலியைப் பெயர்த்துக்கொள்ளல் எளிதாயிற்று. ஆயினும், நாடாவிலிருந்து நாடாவுக்கு மாற்றுந்தோறும் இரைச்சல் ஏறும், நுண்ணொலி தேயும். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இற் காலமானார். பின் பிறந்தோர் அவர் கைவண்ணத்தை அறிவது எஞ்சிய ஒலிப்பதிவுகளினாலேயாம். 1990களில் குடாநாடு மின்சாரமின்றி இருண்டிருந்தபோது, சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் பேணிக் காத்த நாடாக்களும் அவற்றுள் அடங்கும்.

இன்று அவை எண்களாகக் கணினிக்குள் புகுகின்றன. எண்களைப் படியெடுத்தால் இழப்பில்லை என்பது உண்மையே. ஆனால் வடிவத்தை மாற்றும்போது இழப்பு நேரலாம். இறுவட்டு, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஏறக்குறைய 14 இலட்சம் பிற்றுகளாகப் பதியும். 1990களிற் பரவிய எம்.பி.3 என்னும் வடிவமோ, செவி கவனியாதென்று கணித்தவற்றைக் களைந்து, பெரும்பாலும் 1 இலட்சத்து 28 ஆயிரம் பிற்றுகளில் அடக்கும். பதினொன்றில் ஒரு பங்கு! பேச்சுக்கு இது பெரிதும் போதும். தவிலுக்குப் போதாது. சடுதியில் விழும் அடியின் கூர்மை மழுங்கி, அடி விழுமுன்பே அதன் நிழல் போன்றதொரு மங்கலொலி தோன்றும். தாளத்தின் உச்ச நாதமும் குன்றும்.

2001இல் வெளிவந்த ஃபிளாக் என்னும் வடிவம் வேறுவகையானது. வேட்டியை வெட்டாது மடித்துப் பெட்டியில் வைப்பதுபோல, அது கோப்பை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கும்; விரித்தால் ஓரிழையும் குறையாது. மூல ஒலியின் அடையாள எண்ணொன்றையும் கோப்பிலேயே பொறித்து வைப்பதால், விரித்தபின் ஒப்புநோக்குதலும் எளிது. தாமோதரம்பிள்ளைக்கு அத்தகைய வசதி வாய்க்கவில்லை. எம்.பி.3ஐ ஃபிளாக்காக மாற்றினால் களைந்தது மீளுமென்று எண்ணுவோர் சிலருளர். கோப்புப் பருக்குமேயன்றி ஒலி திருந்தாது. அதனை வேறொரு களையும் வடிவிற்கு மாற்றினாலோ, இழப்பின்மேல் இழப்பாம். ஆதலின் முதற்படியை வேவ் அல்லது ஃபிளாக் வடிவிற் காத்து, கைத்தொலைபேசியிற் கேட்பதற்கு மட்டும் அதிலிருந்து எம்.பி.3 எடுத்தல் முறை.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி, நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்தி வருகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் சாம்பலான மண்ணில், இது காலமறிந்து செய்யும் பணி.

கணினிக்கு வருமுன்னரே நேரும் இழப்பைத்தான் பலர் கருதுவதில்லை. நாடாவை ஓட்டுங் கருவியின் காந்தத்தலை மயிரிழை சாய்ந்திருப்பினும் உச்ச ஒலி மங்கும். எந்தச் சிறந்த வடிவமும் பின்னர் அதனை மீட்டுத் தராது. ஆகவே தலையைத் துடைத்து, அந்தந்த நாடாவுக்கேற்பச் சாய்வைத் திருத்திய பின்னரே ஓட்டுதல் வேண்டும். முப்பது நாற்பது ஆண்டு வெக்கையில் கிடந்த நாடா செவ்வையாக ஓடுவது சிலவேளை அந்த ஒரு முறைதான்.