முதுகெலும்பும் மருத்துவரின் கையும்: ஒரு வரலாற்று நோக்கு

முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் அசைத்தும் இடுப்பு வலியைத் தணிக்கும் சிகிச்சைக்கு முஸ்லிம் மருத்துவ மேதைகளே முன்னோடிகள் எனப் பெருமையுடன் கூறுவோர் நம்மிடையே உள்ளனர். இக்கூற்றை நாம் நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய கிரேக்க நூலிலேயே இம்முறை காணப்படுகிறது. நோயாளியைக் குப்புறக் கிடத்தி, இரு முனைகளிலும் இழுத்தவாறு, பிதுங்கிய இடத்தைக் கையாலோ காலாலோ பலகையாலோ அழுத்துமாறு அந்நூல் கூறும். அவ்வறிவைப் பெற்று வளர்த்தோரே நம் முன்னோர். குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013), 30 பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியில் இதனை விளக்கினார். 12ஆம் நூற்றாண்டில் அப்பகுதி இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது. 1465இல் அமாஸ்யா நகர மருத்துவர் ஷரஃபுத்தீன் ஸாபுன்ஜுஓக்லு, அதனைத் தழுவித் துருக்கி மொழியில் ஓவியங்களுடன் அறுவை மருத்துவ நூல் இயற்றினார்.

எனினும், அஸ்ஸஹ்ராவி அந்த அதிகாரத்தில் பேசுவது முள்ளெலும்பு விலகலைப் பற்றியே. திடீரெனத் தோன்றும் சாதாரண இடுப்பு வலியைப் பற்றியன்று. அதிலும் அவர் எல்லை வகுத்தார். முள்ளெலும்பு முற்றாக விலகி, நோயாளியின் கழிவுகள் அவரறியாமல் வெளியேறுமாயின் சிகிச்சைக்கு வழியில்லை என்றார்.

இன்றைய கைரோபிராக்டிக் முறையை 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கினார். அதன் பயன் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 20 ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வு, புதிதாகத் தோன்றிய இடுப்பு வலிக்கு இது போலிச் சிகிச்சையைவிட மேலானதன்று என்றது. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான மதிப்பாய்வோ, 6 வாரங்கள் வரையில் 100 புள்ளி அளவில் ஏறத்தாழ 10 புள்ளி வலி குறைவதாகக் கண்டது. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, வெப்ப ஒத்தடம், பிடித்துவிடுதல், அக்குபங்சர் ஆகியவற்றோடு இதனையும் பரிந்துரைத்தது. இத்தகைய வலி பெரும்பாலும் தானாகவே தணியும் என்பதையும் அது சுட்டியது.

ஆகவே, இச்சிகிச்சை அற்புதமுமன்று, வெறும் ஏமாற்றுமன்று. ஆனால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு இழத்தல், கால் பலவீனம், பிறப்புறுப்புப் பகுதியில் மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் முதுகை நெறிப்பவரிடம் செல்லலாகாது. உடனே மருத்துவமனையை நாட வேண்டும். அஸ்ஸஹ்ராவி வழியில்லை எனக் கைவிட்ட அடையாளங்களுள் ஒன்றே இன்று விரைந்து காப்பாற்ற அழைக்கும் எச்சரிக்கையாக உள்ளது. கை எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிந்திருந்ததே அம்மேதையிடம் நாம் பெறத்தக்க மரபாகும்.