கால்குலேட்டர் சதுரங்கம்

கையடக்கக் கால்குலேட்டரில் சதுரங்கம் ஆட நிரல் எழுதுவது. எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதே இதில் பாதி வேலை.

சென்னை ஐஐடிக்கு 1973இல் வந்த ஐபிஎம் 370, ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்ட கணினி. அடுத்த ஆண்டே, நிரலைக் காந்த அட்டையில் சேமிக்கும் எச்பி-65 கால்குலேட்டர் வெளிநாட்டுச் சட்டைப்பைகளுக்குள் புகுந்துவிட்டது. நிரலுக்கு 100 படிகள், எண்களுக்கு 9 நினைவிடங்கள். பலகையிலோ 64 கட்டங்கள்!

1977இன் டிஐ-59 கொஞ்சம் தாராளம். நிரலைச் சுருக்கினால் 100 நினைவிடங்கள் வரை கிடைக்கும். நினைவிடங்களைத் துறந்தால் நிரல் 960 படிகள் வரை நீளும். கட்டத்துக்கு ஒரு நினைவிடம் ஒதுக்கினால் நிரலுக்கு மிஞ்சுவது 400 படிகள். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 2 என்று வைத்து, ஒரு வரிசையை எட்டு இலக்க எண்ணாகக் கட்டிவைப்பது ஒரு வழி. ஆனால் இரு நிறத்துக்கும் சேர்த்துக் காய் வகைகள் 12, வெற்றுக் கட்டம் ஒன்று, இலக்கங்களோ பத்துதான். ஆகவே வெள்ளைக்கு ஓர் எண், கருப்புக்கு ஓர் எண். 16 நினைவிடங்களில் பலகை அடங்கிவிடும்; கட்டியதைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் படிகள் கரையும்.

இந்தச் சிக்கனத்தின் அந்தக் கால உச்சம் கால்குலேட்டரில் நிகழவில்லை. 1980களின் தொடக்கத்தில், இசட்எக்ஸ்81 என்ற குட்டிக் கணினிக்கு டேவிட் ஹோர்ன் 672 பைட்டுகளில் நிரல் எழுதினார். கோட்டை கட்டுவதும் சிப்பாய் ராணியாவதும் அதில் கிடையாது. ஆனால் எதிராளியாக உட்கார்ந்து ஆடியது.

இசட்எக்ஸ்81இல் இருந்த அதே இசட்80 வகைச் செயலிதான் 1996இல் வந்த டிஐ-83 கால்குலேட்டரிலும். திரை 96க்கு 64 புள்ளிகள்: கட்டத்துக்கு எட்டுப் புள்ளி வைத்தால் பலகை அச்சாகப் பொருந்தி, எழுத்துக்கு 32 புள்ளி அகலம் மிஞ்சும். அதிலுள்ள பேசிக் மொழி ஆமை வேகம். யோசிக்கும் நிரல் வேண்டுமென்றால் அசெம்பிளி மொழிக்குப் போக வேண்டும். இருவர் ஆடப் பலகையை மட்டும் காட்டும் நிரல்களை இந்த வரலாற்றில் சேர்ப்பது அவ்வளவு நியாயமில்லை. அதற்கு அட்டைப் பலகையே மேல்.

சதுரங்க வீரர் ஆனந்தின் ஊரான சென்னையில் கால்குலேட்டர் சதுரங்கம் பரவாததற்குக் காரணம் செஸ் அல்ல, தேர்வறை. அமெரிக்காவின் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடி 1994 முதல் கால்குலேட்டரை அனுமதித்தது. டிஐ-83 பள்ளிப்பைக்குள் போனது. இங்கே பிளஸ் டூவுக்கு லாகரிதம் அட்டவணை. பொறியியலுக்குப் போனால் கேசியோ எஃப்எக்ஸ்-991, அதுவும் நிரலெழுத முடியாதது என்பதால்தான் உள்ளே விட்டார்கள்.