செங்கலைப் படுக்க வைத்து இழுத்தால்?

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறோம். எல்லாரும் கலைப்பீடம். விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் கிடைக்காததால், உராய்வுப் பாடம் எங்கள் தலையில் விழுந்தது. செங்கல் ஒன்றை நூலால் கட்டி, நூல் முனையில் றப்பர் பாண்ட் மாட்டிக் கொடுத்தோம். சீமெந்து நிலத்தில் றப்பர் நன்றாக நீண்டது, மாபிளில் குறைவாக நீண்டது. "கரடுமுரடென்றால் உராய்வு கூட" என்று எழுதியும் போட்டாயிற்று.

அப்போதுதான் ஒரு பிள்ளை கேட்டாள்: "அக்கா, கல்லைப் படுக்க வைச்சா கஷ்டமோ, பக்கவாட்டில நிப்பாட்டினா கஷ்டமோ?"

"படுக்க வைச்சாத்தான். கூட இடம் நிலத்தில முட்டுதெல்லோ" என்றோம், யோசிக்காமலே. அவள் இரண்டு விதமாயும் இழுத்தாள். றப்பர் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் நீண்டது. பிறகு எங்களைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போய்த் தேடினால், இது பெரிய ஆட்களையே குழப்பிய விசயம். 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே லியனார்டோ டா வின்சி கட்டைகளை இழுத்துப் பார்த்து, முட்டும் பரப்பளவு உராய்வை மாற்றுவதில்லை என்று தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அது அச்சேறவில்லை. 200 வருசம் கழித்து, 1699இல், சிறுவயதிலேயே காது கேட்காமல் போன கியோம் அமோன்தோன் அதையே திரும்பக் கண்டுபிடித்து பரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் சொன்னார். அங்கிருந்தவர்களுக்கும் எங்களைப் போலத்தான், நம்பிக்கை வரவில்லை. பிலிப் டி லா ஹீர் தானே செய்துபார்த்து உறுதிப்படுத்தவேண்டி வந்தது.

ஆனால் அமோன்தோனும் ஓரிடத்தில் சறுக்கினார். செம்பு, இரும்பு, ஈயம், மரம் எல்லாவற்றிலும் உராய்வு பாரத்தில் மூன்றிலொன்று என்றார். எல்லாவற்றுக்கும் பன்றிக்கொழுப்புப் பூசியல்லவா இழுத்தார்! மேற்பரப்புகளின் வித்தியாசம் அந்தக் கொழுப்புக்குள் மறைந்திருக்கும் என்பது எங்கள் ஊகம். பிறகு கூலோம் வந்து, வெவ்வேறு மரங்களையும் உலோகங்களையும் பூச்சோடும் பூச்சில்லாமலும் பொறுமையாகச் சோதித்தார். அவருடைய நீண்ட கட்டுரை 1785இல் அச்சானது.

எங்களுக்கு மிகவும் பிடித்த கதை இதைவிடப் பழையது. எகிப்தில் ஜெஹுதிஹோதெப் என்ற மாகாண ஆளுநரின் கல்லறைச் சுவரில், ஏறக்குறைய 3900 வருசத்துக்கு முந்தைய ஓவியம் ஒன்று இருந்தது. சறுக்குப் பலகையில் ஏற்றிய பிரமாண்டமான சிலையை 172 பேர் இழுக்கிறார்கள். பலகையின் முன்னால் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார். அது சடங்கு என்று நினைத்தவர்களும் உண்டு. 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணலில் சின்னப் பலகையை இழுத்துப் பார்த்தார்கள். காய்ந்த மணல் பலகைக்கு முன்னால் குவிந்து வழிமறித்தது. அளவாக நனைத்ததும் மணிகள் ஒன்றையொன்று பிடித்து மணல் இறுகியது. இழுக்க ஏறத்தாழ பாதி விசையே போதுமாக இருந்தது. தண்ணீர் கூடினால் அந்த லாபமும் போய்விடும்.

அடுத்த கிழமை முதலில் எங்கள் பிழையைப் பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டோம். பிறகு ஓவியத்தின் படத்தைக் காட்டி, "ஏன் தண்ணி ஊத்துறார்?" என்று கேட்டோம். இந்தமுறை விடையைச் சொல்லவில்லை.

கடற்கரைப் பக்கத்துத் தம்பி ஒருவன் உடனே கையைத் தூக்கினான்: "காய்ஞ்ச மணல்ல சைக்கிள் புதையும் அண்ணா. அலை வந்துபோன இடத்தில ஓடினா சும்மா பறக்கும்."

சொல்லிவிட்டு, வாளியில் மணல் எடுக்க வெளியே ஓடிவிட்டான்.