நிகண்டும் அருஞ்சொற்பட்டியலும்: செங்கற்பட்டுச் சீமையில் ஆங்கிலச் சொற்பயிற்சி

செங்கற்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே இரயில் தடத்தை ஒட்டி அமைந்த படாளமும் அதைச் சூழ்ந்த ஏரிப்பாசன ஊர்களும், ஆங்கிலேயரின் வருவாய் நிர்வாகம் தமிழகத்தில் மிக முன்னதாகவே கால் ஊன்றிய நிலப்பகுதியைச் சேர்ந்தவை. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இப்பகுதியை ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு கூடிய நிலமாகப் பெற்றது. பின்னர் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு இதனை ஊர் ஊராக அளந்தபோது, கணக்கர்கள் ஓலையில் காத்துவந்த செய்திகள் ஆங்கிலக் குறிப்பேடுகளில் ஏறின. ஆகவே இங்குள்ளோர் முதலில் எதிர்கொண்ட ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் அன்று. அது வரியும் வழக்கும் பேசிய கச்சேரி ஆங்கிலம், அதாவது அரசு அலுவலக ஆங்கிலம். கம்பெனிக்கும் குடிகளுக்கும் இடையே நின்ற துபாஷிகள் எனப்பட்ட இருமொழியாளர்கள், தமக்கு வேண்டிய சொற்களைப் பெரும்பாலும் காதால் கேட்டே கற்றனர்.

சொற்களைத் தனிப் பாடமாகப் பயிலும் வழக்கத்தை இந்நாட்டுக்கு ஆங்கிலக் கல்வி கொண்டுவரவில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பில் செங்கற்பட்டு மாவட்டத்தில் மட்டும் 508 பள்ளிகள் பதிவாயின. அக்காலத் தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடிக்கும் நீதிநூல்களுக்கும் அடுத்த படியாக நிகண்டு ஓதுவிக்கப்பட்டது. நிகண்டு என்பது தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வகைப்படி சொற்களைத் தொகுத்துச் செய்யுளில் தரும் நூல். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளில் விருத்தப்பாவால் இயன்றது. அதன் பதினோராம் தொகுதி, பல பொருள் தரும் சொற்களை எதுகை அடைவில் அடுக்குகிறது. பொருள் விளங்காமலேயே மாணவன் அதனை உருப்போட்டான் என்று பிற்காலத்தார் குறை கூறியதில் உண்மை உண்டு. எனினும் ஓசை சொல்லை நினைவில் நிறுத்தியதும், வகைப்பாடு ஒரு சொல்லை அதன் இனச்சொற்களோடு சேர்த்தே மனத்தில் இருத்தியதும் அக்குறை கூறியோர் கருதாத நன்மைகள்.

அகரவரிசை பையப் பைய வந்தது. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி, 1812இல் நிறுவப்பட்ட சென்னைக் கோட்டைக் கல்லூரியின் முயற்சியால் 1824இல் அச்சேறியது. பாப்ரிசியஸ் 1779இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதி, தமிழ் கற்ற ஐரோப்பியருக்கே பெரிதும் பயன்பட்டது. ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவரின் தேவை பெருகியது பள்ளிகள் பெருகிய பின்னரே ஆகும். ஸ்காட்லாந்து சபையின் ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அதன் கிளைகள் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் அமைந்தன. யாழ்ப்பாணத்தில் நைட், ஸ்பால்டிங் ஆகிய பாதிரிமார் பள்ளிகளுக்கெனத் தொகுத்த ஆங்கில-தமிழ் அகராதியும் 1840களில் வெளிவந்தது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி, அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு உயர்கல்விக்கும் அரசுப் பணிக்கும் வாயிலான பின்பு, கடினமான ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எழுதும் திறன் பிழைப்போடு பிணைந்தது. இத்தகைய கடினச் சொற்களைப் பொருளோடு அடுக்கும் அருஞ்சொற்பட்டியல் தமிழ் மாணவருக்கு மட்டும் நேர்ந்த சுமை என்று எண்ணுவதும் பொருந்தாது. இராபர்ட் காட்ரி 1604இல் வெளியிட்ட, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதியே, இலத்தீனும் கிரேக்கமும் அறியாத ஆங்கிலேயருக்காக ஏறத்தாழ 2,500 கடுஞ்சொற்களை விளக்கிய சிறு நூல்தான்.

இருபதாம் நூற்றாண்டில், 1929இல் சென்னையில் தொடங்கப்பட்ட லிப்கோ நிறுவனத்தின் ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் சிற்றூர் மாணவர் கைக்கும் எட்டின. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கில-தமிழ்ச் சொற்களஞ்சியம் 1960களில் மூன்று தொகுதிகளாக வந்தது. அறிஞர்க்கு அது பெருந்துணை, பள்ளி மாணவர்க்கோ எட்டாக் கனி.

நிகண்டைப் போலவே பொருள்வகைப்படி ஆங்கிலச் சொற்களைத் திரட்டிய ரோஜட்டின் நூல் 1852இல்தான் வெளிவந்தது. தமிழில் அத்தகைய அமைப்பைத் திவாகர நிகண்டு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தது. அம்மரபில் வந்தவர்கள் ஆங்கிலம் கற்றபோது, மனப்பாடத்தை மட்டும் தக்கவைத்துக்கொண்டு, அதற்குத் துணைநின்ற ஓசையையும் இன வகைப்பாட்டையும் கைவிட நேர்ந்தது தேர்வுமுறை விளைவித்த இழப்பாகும்.