செவ்ரோலே போல்ட் மின்காரின் பேட்டரித் தீயும் திரும்பப் பெறுதல்களும்

செவ்ரோலே போல்ட் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2016 இறுதி முதல் 2023 இறுதி வரை தயாரித்த மின்கார் ஆகும். மிச்சிகன் மாநிலத்தின் ஓரியன் ஆலையில் இது உருவானது. ஐரோப்பாவில் ஓப்பல் ஆம்பெரா-இ என்ற பெயரில் விற்கப்பட்டதும் இதே கார்தான். 2020 நவம்பர் முதல் 2021 ஆகஸ்ட் வரையிலான பத்து மாதங்களுக்குள் இந்தக் கார், பேட்டரி தீப்பிடிக்கும் ஆபத்துக்காக மூன்று அறிவிப்புகளில் திரும்ப அழைக்கப்பட்டது. மூன்றாவது அறிவிப்போடு, அதுவரை தயாரான போல்ட் கார்கள் அனைத்தும், ஏறத்தாழ 1,42,000, பட்டியலுக்குள் வந்துவிட்டன. ஒரு மாதிரியின் எல்லாக் கார்களும் இப்படி அழைக்கப்படுவது அரிது.

இதே நிறுவனத்துக்கு வோல்ட் என்று இன்னொரு காரும் இருந்தது. அது பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கலப்புவகை. 2011இல் மோதல் சோதனை முடிந்து மூன்று வாரம் கழித்து ஒரு வோல்ட் கார் தீப்பிடித்ததும் அன்று பெரிய செய்தி. ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வேறுபாடு என்பதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர். இக்கட்டுரை போல்ட் பற்றியது.

காரும் அதன் பேட்டரியும்

போல்ட் வெளிவந்தபோது அதன் விலை 37,495 டாலர். அரசின் வரிச்சலுகை 7,500 டாலர் போக, நடுத்தரக் குடும்பம் எட்டிப்பிடிக்கக்கூடிய விலை. ஒருமுறை மின்னேற்றினால் 383 கிலோமீட்டர் ஓடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சான்றளித்தது. இந்த விலையில் இவ்வளவு தூரம் அதுவரை எந்த மின்காரும் ஓடியதில்லை. வட அமெரிக்காவின் 2017ஆம் ஆண்டுச் சிறந்த கார் என்ற விருதும் கிடைத்தது.

இத்தனைக்கும் அடிப்படை காரின் தரைக்கு அடியில் கிடந்த 60 கிலோவாட்-மணி பேட்டரிதான். அதன் எடை ஏறத்தாழ 435 கிலோ. உள்ளே பை வடிவ லித்தியம்-அயனி மின்கலங்கள் 288 இருந்தன. மும்மூன்றாக இணைக்கப்பட்ட 96 குழுக்கள். மின்கலங்களைத் தந்தது தென்கொரியாவின் எல்ஜி கெம் நிறுவனம். (அதன் பேட்டரிப் பிரிவு 2020 டிசம்பரில் எல்ஜி எனர்ஜி சொல்யூஷன் என்ற தனி நிறுவனமாயிற்று.) பேட்டரியின் பின்பகுதி பின்னிருக்கைக்கு அடியில் மேடுபோல உயர்ந்திருக்கும். பின்னர் வந்த புகார்களில் இந்த இடம் திரும்பத் திரும்ப வருகிறது.

முதல் புகார்கள்

அமெரிக்காவில் கார் உரிமையாளர் எவரும் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் நேரடியாகப் புகார் எழுதலாம். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் கிடையாது. புகார்களில் ஒரே மாதிரியான குறை தென்பட்டால் நிர்வாகம் முதற்கட்ட ஆய்வைத் தொடங்கும். இந்த ஏற்பாட்டின் வேர் 1966ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. குறை உறுதியானால் நிறுவனம் அதை உரிமையாளருக்குத் தெரிவித்து, செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்பது அதன் சாரம்.

2020 அக்டோபரில் நிர்வாகம் போல்ட் மீது ஆய்வைத் தொடங்கியபோது அதன் கையில் இருந்தவை மூன்றே தீ விபத்துகள். மூன்றிலும் கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. மூன்றிலும் பின்னிருக்கைக்கு அடியிலேயே தீயின் தடம் இருந்தது. ஆய்வுக்குள் வந்த கார்களோ 77,000க்கும் மேல். மூன்றை வைத்து எழுபத்தேழாயிரத்தைச் சந்தேகிப்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் வீட்டுக்குள் நிறுத்தி, இரவில் மின்னேற்றிவிட்டுக் குடும்பத்தோடு தூங்கும் கார் அது. ஓடும்போது பழுதாகும் காரிலிருந்து இறங்கி ஓடலாம். தூக்கத்தில் தீப்பிடிக்கும் காரிடமிருந்து எப்படித் தப்புவது? எண்ணிக்கையைவிட அந்தச் சூழ்நிலையே நிர்வாகத்துக்கு முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும்.

அடுத்த மாதமே, 2020 நவம்பர் 13 அன்று, 2017 முதல் 2019 வரையிலான மாதிரி ஆண்டுகளைச் சேர்ந்த சுமார் 68,000 கார்களைத் திரும்பப் பெறுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. தென்கொரியாவின் ஓச்சாங் ஆலையில் செய்த மின்கலங்கள் கொண்ட கார்கள் இவை. அப்போது உறுதியாகியிருந்த தீ விபத்துகள் ஐந்து. இருவர் புகையால் பாதிக்கப்பட்டிருந்தனர். உயிரிழப்பு இல்லை.

தொண்ணூறு விழுக்காடு

அறிவிப்பு வந்த நாளில் தீக்குக் காரணம் என்னவென்று நிறுவனத்துக்குத் தெரியாது. பேட்டரி முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ நிரம்பியிருக்கும்போது தீப்பிடிக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஆகவே முதல் மருந்து எளிமையானது: நூறு விழுக்காடு நிரப்பாதே, தொண்ணூறோடு நிறுத்து.

இதற்கு உதவியது காரில் ஏற்கெனவே இருந்த ஒரு வசதி. மலைமேல் குடியிருப்பவர் காலையில் இறக்கத்தில் வரும்போது, பிரேக் பிடிக்கும் ஆற்றல் மின்சாரமாகப் பேட்டரிக்குத் திரும்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் அதற்கு இடம் இருக்காது. அதற்காக மேலே கொஞ்சம் காலியாக விடும் அமைப்பு ஒன்றைப் பொறியாளர்கள் வைத்திருந்தனர். மலைவாசிகளுக்காக எழுதிய அந்த நிரல் இப்போது சமவெளியில் இருந்தவர்களுக்கும் காப்பாயிற்று. அமைப்பை மாற்றத் தெரியாதவர்களும், பணிமனையில் இன்னும் மாற்றிக்கொள்ளாதவர்களும் காரை வீட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று சொல்லப்பட்டது.

2021 ஏப்ரல் இறுதியில் நிறுவனம் 'இறுதித் தீர்வு' என ஒன்றை அறிவித்தது. பணிமனையில் பேட்டரியைச் சோதித்து, குறை தென்பட்டால் அந்தப் பகுதியை மாற்றுவார்கள். தென்படாவிட்டால், பின்னால் வரக்கூடிய மாற்றங்களைக் கண்காணிக்கும் மென்பொருளை ஏற்றி, தொண்ணூறு விழுக்காட்டு வரம்பை நீக்கிவிடுவார்கள். காரணம் இன்னதென்று முழுமையாகக் கண்டறிவதற்கு முன்பே இறுதித் தீர்வு என்று பெயரிட்டது இந்த வரலாற்றின் பெரிய பிழை என்றே சொல்ல வேண்டும்.

2021 ஜூலை முதல் நாள் அதிகாலையில் வெர்மான்ட் மாநிலத்தில், வீட்டு முற்றத்தில் மின்னேற்றத்தில் இருந்த 2019ஆம் ஆண்டு போல்ட் ஒன்று எரிந்தது. அதன் உரிமையாளர் அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். நியூ ஜெர்சியிலும் ஒரு கார் எரிந்தது. இரண்டும் இறுதித் தீர்வைப் பெற்றுக்கொண்ட கார்கள். ஜூலை 14 அன்று பாதுகாப்பு நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது: பழுது நீக்கியிருந்தாலும் சரி, காரை வீட்டிலிருந்து தள்ளி வெளியே நிறுத்துங்கள், இரவில் மின்னேற்றிவிட்டுத் தூங்காதீர்கள்.

கிழிந்த நாக்கு, மடிந்த தாள்

லித்தியம்-அயனி மின்கலத்துக்குள் ஆனோடு, கேத்தோடு என்ற இரு மெல்லிய தகடுகளும், இடையில் அவை ஒன்றையொன்று தொடாமல் காக்கும் நெகிழித்தாள் பிரிப்பானும் இருக்கும். அயனிகள் தாளைக் கடந்து போய்வரலாம், தகடுகள் மட்டும் தொடக்கூடாது. தொட்டால் உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்பட்டுச் சூடு கூடும். சூடு வேதிவினையைத் தூண்டும், வினை மேலும் சூட்டைத் தரும். ஒரு மின்கலத்தில் தொடங்கியது பக்கத்து மின்கலத்துக்குத் தாவும். இந்த நிலைக்கு வந்த பிறகு அணைப்பது மிகக் கடினம். அணைந்தது போல் தோன்றி மறுபடி பற்றிக்கொள்ளும் இயல்பும் உண்டு.

எரிந்த பேட்டரிகளைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு தயாரிப்புக் குறைகள் தெரியவந்தன. ஆனோடிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் நாக்குபோன்ற முனை கிழிந்திருந்தது. பிரிப்பான் தாள் மடிந்திருந்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ஆபத்து குறைவு. இரண்டும் ஒரே மின்கலத்தில் சேர்ந்து அமைந்தால்தான் தீ. அப்படிச் சேர்வது மிக அரிது என்பதாலேயே சோதனைகளில் அது சிக்கவில்லை.

ஜூலை 23 அன்று அதே 68,000 கார்கள் இரண்டாம் முறை அழைக்கப்பட்டன. குறையுள்ள மாட்யூல்களை மாற்றித் தருவதாக வாக்குறுதி. ஆகஸ்ட் 20 அன்று மேலும் 73,000 கார்கள் சேர்ந்தன. ஓச்சாங் ஆலையில் மட்டுமல்லாது வேறு ஆலைகளில் செய்த மின்கலங்களிலும் குறை இருக்கக்கூடும் என்று தெரிந்ததே காரணம். அதுவரை தப்பித்துவிட்டதாக நினைத்திருந்த 2020, 2021, 2022 மாதிரிகளும், புதிதாக வந்திருந்த பெரிய வடிவமான போல்ட் இயுவியும் உள்ளே வந்தன.

அடுத்துவந்த மாதங்கள் உரிமையாளர்களுக்குச் சங்கடமானவை. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. 113 கிலோமீட்டர் ஓடும் அளவுக்குக் கீழே பேட்டரியை இறங்கவிடவும் கூடாது. மேலும் கீழும் கழித்தால் வாங்கிய தூரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் மிச்சம். செப்டம்பரில், பொது நிறுத்தகங்களில் மற்ற வாகனங்களிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள் என்ற அறிவுரையும் வந்தது. நெருக்கடியான நகரத்தில் அவ்வளவு இடம் எங்கே கிடைக்கும்? சில நிறுத்தகங்கள் போல்டுக்கு அனுமதி இல்லை என்று பலகையே வைத்துவிட்டன. தனி வீடும் முற்றமும் உள்ளவர் எப்படியோ சமாளித்தார். அடுக்குமாடியின் அடித்தளத்தில் நிறுத்துபவருக்கு அந்த அறிவுரையால் பயனில்லை.

கொரியாவில் முன்பே நடந்தது

இதே நாடகம் சில மாதங்களுக்கு முன் ஹூண்டாய் கோனா மின்காரில் ஏறத்தாழ அப்படியே நடந்து முடிந்திருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதிலும் எல்ஜி மின்கலங்களே. 2020 அக்டோபரில் தொடங்கிய முதல் திரும்பப் பெறுதலில் மென்பொருளைப் புதுப்பித்தனர். 2021 ஜனவரியில் தேகு நகரில், புதுப்பித்த கோனா ஒன்று எரிந்தது. பிப்ரவரியில் உலக அளவில் சுமார் 82,000 வாகனங்களின் பேட்டரியையே மாற்ற ஹூண்டாய் முடிவுசெய்தது. செலவு ஒரு டிரில்லியன் வொன் அளவுக்கு மதிப்பிடப்பட்டது. சீனாவின் நான்ஜிங் ஆலையில் செய்த சில மின்கலங்களில் ஆனோடு முனை மடிந்திருந்ததாகக் கொரிய அரசு கூறியது. அதுதான் தீக்குக் காரணம் என்பதை எல்ஜி ஏற்கவில்லை.

கோனாவின் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. இந்தியாவில் விற்ற கோனா கார்கள் சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூர் ஆலையில் பூட்டப்பட்டவை. அவற்றுள் 456 கார்கள் 2020 டிசம்பரில் பேட்டரிச் சோதனைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அது நிறுவனம் தானாக முன்வந்து செய்தது. அப்போது இந்தியாவில் கட்டாயத் திரும்பப் பெறுதல் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 2019 சேர்த்த 110ஏ பிரிவின்கீழ் அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன.

கொரியாவில் மென்பொருள் தோற்ற பிறகும், ஏப்ரலில் அமெரிக்காவில் அதே வகை மருந்தை நம்பியது ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆலை வேறு, மின்கல வடிவமைப்பு வேறு, கார் வேறு என்று பதில் சொல்லலாம். பேட்டரி மாற்றுவதன் செலவைப் பார்த்தால் இன்னொரு பதிலும் கிடைக்கும்.

செலவு யார் தலையில்?

போல்ட் திரும்பப் பெறுதலின் மொத்தச் செலவு சுமார் 200 கோடி டாலர். அதில் 190 கோடி வரை எல்ஜி தரப்பு ஈடுசெய்யும் என்று 2021 அக்டோபரில் ஒப்பந்தமாயிற்று. பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு மாட்யூல்களுக்கு. மாற்றித் தர ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் காத்திருக்க, புதிய கார் செய்ய முடியாது. ஓரியன் ஆலையில் போல்ட் உற்பத்தி 2021 ஆகஸ்டில் நின்று, 2022 ஏப்ரல் 4 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. இடைக்காலத்தில் எல்ஜி செய்த மாட்யூல்கள் பழைய கார்களுக்குப் போயின. 2017ஆம் ஆண்டு காரை வைத்திருந்தவர்களுக்கு இதில் ஒரு நற்பேறு: பழைய பேட்டரிக்குப் பதிலாகக் கூடுதல் கொள்ளளவுள்ள புதியது, அதோடு எட்டு ஆண்டுப் புதிய உத்தரவாதம்.

2020 முதல் 2022 வரையிலான கார்களை வைத்திருந்தவர்களுக்கு அப்படி அமையவில்லை. அவர்களுடைய பேட்டரியும் மாற்றப்படும் என்றே எதிர்பார்த்திருந்தனர். 2023 ஜூனில் நிறுவனம் வழியை மாற்றியது: கண்காணிப்பு மென்பொருளை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் ஓடும்வரை பேட்டரி 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பாது, அதுவரை குறை தென்படாவிட்டால் வரம்பு தானாக நீங்கும். ஏற்றிக்கொள்பவர்களுக்கு 1,400 டாலர் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. இம்முறை குறை என்னவென்று தெரிந்த பிறகு எழுதிய மென்பொருள் என்பதால் 2021 ஏப்ரல் நிலையோடு இதை ஒப்பிடுவது முழுக்கச் சரியாகாது. ஆனாலும் சூடுபட்ட பூனையிடம் பாலை நீட்டியது போலத்தான் உரிமையாளர்கள் அதைப் பார்த்தனர். கூட்டு வழக்கில் ஜெனரல் மோட்டார்ஸும் எல்ஜியும் 15 கோடி டாலர் சமரசத்துக்கு 2024இல் உடன்பட்டன.

இதனிடையே 2022 ஏப்ரலில் பாதுகாப்பு நிர்வாகம் எல்ஜி பேட்டரி பொருத்திய பல நிறுவனங்களின் 1,38,000க்கும் மேற்பட்ட வாகனங்களைப் பற்றித் தனி விசாரணை தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் போல்ட் மறுபடியும் அழைக்கப்பட்டது. இம்முறை பேட்டரிக்குத் தொடர்பில்லாத காரணம். மோதலின்போது இருக்கைப் பட்டையை இழுத்துப் பிடிக்கும் கருவி வெளிவிடும் சூடான வாயு, அருகிலுள்ள தரைவிரிப்பின் இழைகளைப் பற்றவைக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டது. விரிப்பின்மேல் ஓர் உலோகத் தகட்டுத்தாளை ஒட்டினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் மக்கள் போல்டை வாங்கினார்கள் என்பதுதான் வியப்பு. விலையை 26,000 டாலர் அளவுக்குக் குறைத்ததும் விற்பனை ஏறியது; 2023இல் அமெரிக்காவில் 62,000க்கும் மேல் விற்றது. அந்த ஆண்டு டிசம்பரில்தான், மின்சார டிரக்குகளுக்காக ஓரியன் ஆலையை மாற்றியமைக்கும் திட்டத்தின்படி உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2027 மாதிரி ஆண்டுக்கான புதிய போல்ட் கான்சாஸ் மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் ஆலையில் தயாராகிறது. அதில் பழைய வகை மின்கலங்கள் இல்லை. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் மின்கலங்கள் உள்ளன.