பாஸ்பரஸ் சொன்ன துப்பு

1941இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஒரு நோயாளி. சிறுநீரகத்தில் புற்றுநோய், இடுப்பெலும்பில் ஓரிடத்துக்குப் பரவியிருந்தது. ரத்தத்தில் கால்சியம் மிக அதிகம். புற்று எலும்பை அரிக்கிறது, அரிபட்ட எலும்பின் கால்சியம் ரத்தத்தில் கலக்கிறது என்று சொல்லி அன்றைக்கு யாரும் அடுத்த நோயாளியிடம் போயிருக்கலாம்.

அங்கிருந்த மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் போகவில்லை. எலும்பு என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இறுகியது. அது கரைந்தால் இரண்டும் அல்லவா ரத்தத்தில் ஏற வேண்டும்? இங்கே கால்சியம் ஏறியிருக்க, பாஸ்பரஸ் இறங்கிக் கிடந்தது. கால்சியத்தை ஏற்றிவிட்டு, பாஸ்பரஸைச் சிறுநீரில் வெளியேற்றுவது கழுத்திலுள்ள சுரப்பிகள் விடும் பாராதைராய்டு ஹார்மோனின் வழக்கம். அந்தச் சுரப்பிகளின் வேலையை இந்தக் கட்டியே செய்கிறதோ என்று கேட்டார் ஆல்பிரைட். இடுப்புக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்ததும் கால்சியம் இறங்கியது, சந்தேகம் வலுத்தது. ஆனால் கட்டியின் திசுவில் அந்த ஹார்மோனைத் தேடியபோது கிடைக்கவில்லை. சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு, சாட்சி இல்லாமல் நின்றார் மனிதர். அப்போதே அவரைப் பார்க்கின்சன் நோய் பிடித்திருந்தது. 1956இல் மூளையில் நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பேச்சற்றுப்போய், 1969இல் இறந்தார்.

அதற்குள் மற்றவர்கள் அவருடைய ஊகத்தை உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். கட்டிகள் பாராதைராய்டு ஹார்மோனையே சுரக்கின்றன என்ற எண்ணம் வேரூன்றியது. 1980இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஸ்டூவர்ட் குழுவினர் இத்தகைய நோயாளிகளை அளந்து பார்த்தபோது கணக்கு இடித்தது. அந்த ஹார்மோனின் ஆணைக்குப் பணிவதுபோல் சிறுநீரகம் நடந்துகொண்டது. ரத்தத்தில் ஹார்மோனோ குறைவு. வேறு ஏதோ ஒன்று அதன் வேஷத்தில் உலவுகிறது.

1987இல் மூன்று இடங்களில் அது பிடிபட்டது. மெல்போர்னில் ஜேன் மோஸ்லியும் ஜான் மார்ட்டினும் நுரையீரல் புற்றுச் செல்களிலிருந்து பிரித்தார்கள். யேல் குழு மார்பகப் புற்றிலிருந்து. சான் பிரான்சிஸ்கோவில் கார்டன் ஸ்ட்ரூலர் குழு சிறுநீரகப் புற்றிலிருந்து. மெல்போர்ன் கண்டது 141 அமினோ அமிலங்களின் சங்கிலி. முதல் 13இல் 8, பாராதைராய்டு ஹார்மோனோடு அப்படியே ஒத்தன. தலைப்பகுதியின் அந்த ஒற்றுமையால் இரண்டும் ஒரே ஏற்பியில் போய் அமர்கின்றன. பிடிஎச்ஆர்பி என்று பெயர் வைத்தார்கள்.

புற்றுநோயில் அகப்பட்டதால் புற்றுநோயின் படைப்பு என்று எண்ண வேண்டாம். 1994இல் இதற்கான மரபணுவை நீக்கிப் பிறப்பித்த எலிக்குட்டிகள், எலும்பு சரியாக உருவாகாமல் பிறந்ததும் இறந்தன. பாலூட்டும் தாயின் மார்பகமும் இதைச் சுரந்து, பாலுக்கான கால்சியத்தை எலும்பிலிருந்து கடன் வாங்குகிறது. உடலின் சொந்தச் சரக்குதான்.

சிறுநீரகப் புற்றில் இது வெறும் கசிவு அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே தெளிசெல் என்ற வகைப் புற்றுகள் பெரும்பாலானவற்றில் விஎச்எல் என்ற கட்டித் தடுப்பு மரபணு செயலிழந்திருக்கும். அது போனால் பிடிஎச்ஆர்பி சுரப்புக்கும் கடிவாளம் போய்விடுகிறது என்று 2004இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தியெரி மாஸ்ஃபெல்டர் குழு காட்டியது. செல் தான் சுரந்ததைத் தானே ஏற்று வளர்கிறது. மனிதப் புற்றைச் சுமந்த எலிகளுக்கு இந்தப் பெப்டைடைத் தடுக்கும் எதிர்ப்புரதம் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி தடைபட்டது. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான்: அதுவரை புற்றின் பக்கவிளைவாகத் தோன்றியது, இங்கே அதற்குத் தீனியாகத் தெரிகிறது.

மருத்துவமனையில் நோயின் போக்கைக் கணிக்க மலிவான கால்சியப் பரிசோதனையும் உதவுகிறது. 1999இல் நியூயார்க்கின் ராபர்ட் மோட்சர் குழு, பரவிய சிறுநீரகப் புற்றுக்கு ஐந்து கெட்ட அறிகுறிகளை வகுத்தது. ஆல்புமினுக்கு ஏற்பத் திருத்திய கால்சியம் டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டுவது அவற்றில் ஒன்று. ஆனால் கால்சியம் ஏறிய ஒவ்வொருவரிடமும் பிடிஎச்ஆர்பிதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. எலும்பில் பரவிய புற்று அங்கேயே அரித்தும் கால்சியத்தை ஏற்றும். சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் இந்தப் பெப்டைடின் அளவையும் தனியே பார்க்கச் சொல்கிறார்கள்.